உடம்பின் மதிலும் வாயிலும்

ஒரு நகரின் சிறப்பைப் பாடப் புகுந்த நம் பழம்புலவர்கள், அரசன் கோயிலை வருணிப்பதற்கு முன்னரே அகழியையும் மதிலையும் வாயில்களையும் வருணித்துச் செல்வர். இம்முறை பொருத்தமுடையதே. எங்ஙனமெனின், வேண்டிய பண்டங்களை உள்ளே விடுவதும், வேண்டாத கழிவை வெளியே போக்குவதும், பகையைத் தடுப்பதும் ஆகிய மூன்றும் மதிலிடத்தும் வாயிலிடத்துமே நிகழ்வன. இவை செவ்வனே நடைபெறாவிடின் உள்ளிருக்கும் மாடமாளிகைகளால் யாது பயன்?

மனித சரீரமாகிய நகருக்கும் இத்தகைய மதில் ஒன்று உண்டு. தோல் ஒன்றே அம்மதில் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அம்மதிலின் ஒரு பகுதியே. வாய் முதல் குதம் வரை செல்லும் உணவுப் பாதையின் உட்புறம், மூக்கு முதல் நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை செல்லும் சுவாசப் பாதையின் உட்புறம், சிறுநீர் வழி, இரத்தக் குழாய்களின் உட்பரப்பு, சுரப்பிகளின் உட்பரப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே இனத்தைச் சார்ந்த உயிரணுப் படலம் போர்த்தியுள்ளது. இதனை மேனாட்டார் எபிதீலியம் என்பர். நம் பாடநூல்கள் எபிதீலியத் திசு என்று அப்பெயரையே தமிழெழுத்தில் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் ஆசிரியர்கள் மேலணி இழையம் என்று அழகாகப் பெயரிட்டனர். மேலே அணியப்பட்டது மேலணி. பொருள் விளங்கும் சொல்லாதலின் ஈண்டும் அதனையே ஆளுவோம்.

உயிர்நூல் பயிலும் மாணவர் ஒருவரை நிறுத்தி, மேலணி எத்தனை வகைப்படும் என்று வினவினால், தட்டை, கனசதுரம், தூண், குறுஇழை, அடுக்கு என மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். சிறுகுடலில் தூண் வடிவம் இருப்பானேன், நுரையீரலின் அறைகளில் அஃது இல்லாதிருப்பானேன் என்று மேலும் வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகும். குறை மாணவரிடத்து மட்டும் இல்லை. வகைகளைக் கேட்டுக் காரணத்தைக் கேளாத வினாத்தாளிடத்தும் உண்டு. ஆகவே இக்கட்டுரையில் இரண்டு கருத்துக்களை வற்புறுத்த விரும்புகிறேன். மேலணியின் வகைகளை அவற்றின் தொழிலிலிருந்தே கற்க வேண்டும் என்பது ஒன்று. அவ்வாறு கற்ற அறிவு உயிர்நூல் மாணவரிடமே தங்கிவிடாமல் நம் இல்லங்கள்தோறும் சென்று சேர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் காரணம், நம் நாட்டில் பல்லாயிரவர் உயிரைக் கவரும் கொடுநோய் ஒன்று இம்மதிலிலேயே, அதுவும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடங்களிலேயே, தொடங்குகின்றது என்பதாம்.

முதலில் சிறிது வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து தேசத்து உடற்கூற்று அறிஞராகிய பிரடெரிக் ரூய்ஷ் என்பார், மார்பின் காம்பை மூடிய மெல்லிய படலத்தை ஆராய்ந்து, ‘காம்பின் மேலுள்ளது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இதற்குப் பெயரிட்டார். 1801ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பிஷா, உடம்பின் உறுப்புக்கள் யாவும் 21 வகைத் திசுக்களால் ஆயவை என்று நூல் எழுதினார். அவர் நுண்ணோக்கியைப் பயன்படுத்தியவரல்லர். கையாலும் கத்தியாலும் கண்ணாலும் ஆராய்ந்தே இம்முடிவுக்கு வந்தார் என்பது வியப்புக்குரியது. பின்னர் 1830களில் ஜெர்மானிய அறிஞர் ஹென்லே, நுண்ணோக்கியின் துணைகொண்டு மேலணியானது உடம்பின் உள்ளும் புறமும் பரந்து கிடப்பதைக் கண்டு, அதன் உயிரணுக்களை வடிவால் வகைப்படுத்தினார். இந்நாளில் மேலணி, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என நான்கே பெரும் பிரிவுகள் கொள்ளப்படுகின்றன.

மேலணி எவ்விடத்திருப்பினும் அதற்குச் சில பொது இயல்புகள் உண்டு. அதன் உயிரணுக்கள் செங்கற்களைப் போல் நெருங்கி அடுக்கப்பட்டவை. ஒன்றுக்கொன்று இடையே உள்ள வெளி மிகச் சிறிது. அடுத்தடுத்த உயிரணுக்கள் புரதப் பிணைப்புக்களால் இறுகக் கட்டப்பட்டிருப்பதனால் நீரும் உப்பும்கூட அவ்விடைவெளி வழியே எளிதிற் கசிய இயலா. ஒரு பக்கம் வெளியையோ குழாயின் உள்வெளியையோ நோக்கியிருக்கும். மற்றொரு பக்கம் அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய பாயின் மேல் ஊன்றியிருக்கும். இரத்தக் குழாய்கள் இதனுள் நுழைவதில்லை. வேண்டிய ஆகாரம் கீழுள்ள இணைப்புத் திசுவிலிருந்து ஊறி வர வேண்டும். மேற்றோல் சிறிது சிராய்த்தால் இரத்தம் வாராமையும், சற்றே ஆழ்ந்து கிழிந்தால் வருதலும் இதனாலேயே. மற்றோர் இயல்பு, ஓயாது புதுப்பித்துக் கொள்ளுதல். சிறுகுடலின் மேலணி மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் முற்றிலும் மாறிவிடுகிறது. தோலின் மேற்படலம் மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. ஓயாது இடிந்து ஓயாது கட்டப்படும் மதில் இது. இவ்வியல்பை நினைவில் இருத்துக. நோயைப் பற்றிப் பேசும்போது மீண்டும் இதற்கு வருவோம்.

இனி வகைகளைத் தொழிலோடு பொருத்திக் காண்போம்.

நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடி நுண்ணறைகள் உள்ளன. காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்திற்கும், இரத்தத்திலுள்ள கரியமில வாயு காற்றுக்கும் இவ்வறைகளின் சுவர் வழியே செல்ல வேண்டும். இஃது எவ்வித உந்துதலுமின்றித் தானே ஊடுருவிச் செல்லும் செயலாதலின், சுவர் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று. ஆதலால் அங்கே உயிரணு ஒற்றை வரிசையாக, ஓடு பரப்பினாற்போல் தட்டையாக உள்ளது. காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையிலுள்ள தடை பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரத்தக் குழாய்களின் உட்பரப்பிலும் இத்தட்டை வடிவமே உண்டு. தேய்ப்பின்றி ஓட வேண்டிய நீரோட்டத்திற்கு வழவழப்பான தளம் வேண்டுமன்றோ?

சிறுநீரகத்திற்குச் சென்றால் நிலை வேறு. அங்கே ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து வடிகட்டப்படுகிறது. நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவினதே. எஞ்சியதெல்லாம் சிறுநீரக நுண்குழல்களின் மேலணியால் மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு இரத்தத்திற் சேர்க்கப்படுகிறது. இது தானே நிகழும் கசிவு அன்று. பெரும்பகுதி சக்தியைச் செலவிட்டுச் செய்யப்படும் வேலை. வேலை செய்வோனுக்கு உலையும் கருவியும் வைக்க இடம் வேண்டும். ஆதலால் இங்குள்ள உயிரணுக்கள் தட்டையாக இராமல், கனசதுரமாகத் தடித்து, சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் நிறைந்து விளங்குகின்றன.

சிறுகுடலில் வேலை இன்னும் மிகுதி. உணவின் சத்தைத் தேர்ந்து எடுக்க வேண்டும். சளி சுரந்து தன்னைத்தான் காத்துக்கொள்ளவும் வேண்டும். எனவே உயிரணுக்கள் உயர்ந்து தூண்களைப் போல் நிற்கின்றன. அவற்றின் நடுநடுவே கோப்பை வடிவ உயிரணுக்கள் சளியைச் சுரக்கின்றன. ஒவ்வொரு தூணின் மேல்முகத்திலும் ஆயிரக்கணக்கான நுண்விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றால் பரப்பு பெருகுகிறது. குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று நூல்கள் நெடுநாள் எழுதி வந்தன. 2014ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் மீண்டும் அளந்து, உணவுப் பாதை முழுவதன் உட்பரப்பும் ஏறத்தாழ 32 சதுர மீட்டரே என்று வெளியிட்டனர். மைதானம் சிறுத்தது உண்மையே. ஆயினும் நம் தோலின் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்கு மேற்படுவது அரிது என்பதை எண்ணினால், புறமதிலினும் அகமதில் எத்துணைப் பெரிதென்பது புலனாகும்.

மூச்சுக்குழாயின் வேலை காற்றைத் தூய்மை செய்தல். அங்குள்ள மேலணி பல அடுக்காகத் தோன்றுவது. உண்மையில் ஒற்றை அடுக்கே. எல்லா உயிரணுக்களும் அடித்தளச் சவ்வில் கால் ஊன்றியிருப்பினும் எல்லாம் மேல்முகத்தை எட்டுவதில்லை. உட்கருக்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. இதனால் போலி அடுக்கு என்று பெயர் பெற்றது. மேல்முகத்தை எட்டிய உயிரணுக்கள் பலவற்றில் ஒவ்வொன்றும் சுமார் 200 குறுஇழைகளை உடையது. தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, இவ்விழைகள் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து அச்சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாம் உறங்கும்போதும் இத்துப்புரவுப் பணி நிற்பதில்லை.

தேய்ப்பும் உராய்வும் மிகுந்த இடங்களில் ஒற்றை வரிசை நில்லாது. ஆதலால் தோலிலும், வாயின் உட்புறத்திலும், உணவுக்குழாயிலும், கண்ணின் கருவிழிப் படலத்திலும், கருப்பையின் கழுத்து வெளிமுகத்திலும் அடுக்கடுக்கான மேலணி அமைந்துள்ளது. அடியிலுள்ள உயிரணுக்கள் பெருகி மேலே ஏற, மேலுள்ளவை தேய்ந்து உதிரும். உலர்ந்த வெளியில் நிற்கும் தோலில் மேலடுக்குகள் கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, மடிந்து, கவசமாகின்றன. ஈரம் மாறாத வாயிலும் கருவிழியிலும் அக்கவசம் பொதுவாக வேண்டுவதில்லை. சிறுநீர்ப் பையிலோ மற்றொரு விந்தை. பை ஒடுங்கியபோது ஐந்தாறு அடுக்காகத் தோன்றும் மேலணி, பை நிறைந்து விரிந்தபோது இரண்டு மூன்று அடுக்காகத் தட்டையாகிவிடுகிறது. விரியினும் சுருங்கினும் சிறுநீர் இரத்தத்தில் மீண்டும் கலவாதபடி காக்கிறது.

இவையன்றி, உமிழ்நீர், வியர்வை, பால் முதலியவற்றைச் சுரக்கும் சுரப்பிகளும், நாவின் சுவை மொட்டுக்களில் சுவையை உணரும் உயிரணுக்களும் மேலணியின் இனமே. போர்த்தல், காத்தல், உறிஞ்சல், சுரத்தல், கழித்தல், உணர்தல் ஆகிய ஆறு தொழில்களுக்கும் ஒரே குலம் வடிவு மாறி நின்று உழைக்கிறது.

மாணவ நண்பர்காள்! இவ்வாறு நோக்கின் மனப்பாடத்திற்கு இடம் ஏது? ஊடுருவல் வேண்டுமிடத்து மெலிவு. உழைப்பு வேண்டுமிடத்துத் தடிப்பு. தேய்ப்பு நிகழுமிடத்து அடுக்கு. விரிவு வேண்டுமிடத்து நெகிழ்வு. இந்நான்கையும் அறிந்தவர், முன்பு காணாத ஓர் உறுப்பின் பெயரைக் கேட்டவுடனே அங்கு எவ்வகை மேலணி இருத்தல் கூடும் என்று தாமே ஊகித்துக் கூறுவர். ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம்: ‘வகைகளை எழுதுக’ என்னும் வினாவுக்கு மாறாக, ‘இவ்வுறுப்பின் தொழில் இது, அங்கு எவ்வகை மேலணியை எதிர்பார்ப்பீர்? ஏன்?’ என்று ஒரு முறையேனும் கேட்டுப் பாருங்கள். விடைத்தாளில் சொற்கள் குறையலாம். சிந்தனை மிகும்.

நிற்க. இரண்டாவது கருத்துக்கு வருவோம். இவ்வறிவு வீட்டுக்கும் வீதிக்கும் எவ்வாறு பயன்படுவது?

முதற்சான்று கண்ணைப் பற்றியது. 1925ஆம் ஆண்டில் உல்பாக், ஹோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எலிகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத உணவைக் கொடுத்து ஆராய்ந்தனர். சுவாசக் குழாய், உமிழ்நீர்ச் சுரப்பி, கண் முதலிய இடங்களில் உரிய மேலணி மறைந்து, தோலைப் போன்ற உலர்ந்த, கெரட்டின் ஏறிய படலம் தோன்றியது. குழந்தைகளுக்கு இச்சத்துக் குறையுமாயின் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர்க் கண்ணின் வெண்படலம் உலரும். முடிவில் கருவிழி மெலிந்து புண்ணாகிப் பார்வையே போகும். இக்கொடுமையைத் தடுக்க இந்திய அரசாங்கம் 1970ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. நம் கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையிலும் மஞ்சள் நிறக் கனிகளிலும் இச்சத்தின் மூலப்பொருள் நிறைந்திருக்கிறது. ஈரமாக இருக்க வேண்டிய மேலணி உலர்ந்து போவதே இந்நோய் என்று ஒரு தாய்க்கு விளக்கினால், முருங்கைக்கீரையின் பெருமை அவளுக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் சான்று குடலைப் பற்றியது. வாந்திபேதி கண்டவர் உடம்பிலுள்ள நீரெல்லாம் வெளியேறி மாள்வர். குடலே பாழாய்விட்டது, இனி வாய்வழி நீர் கொடுத்துப் பயனில்லை என்று பலர் எண்ணியிருந்த காலம் உண்டு. 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் பிராகு நகரில் ஒரு கொள்கையை வெளியிட்டார். சிறுகுடல் மேலணியில் சர்க்கரையும் உப்பும் இணைந்தே உள்ளே புகும் வாயில் ஒன்று உண்டு என்பதே அஃது. வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்யினும், இவ்வாயிலை அடைப்பதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கொடுத்தால் அவ்வழியே இரண்டும் உட்புகும். அவற்றைத் தொடர்ந்து நீரும் புகும். 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்து பன்காவ் அகதி முகாமில், ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோசும், மூன்றரை கிராம் உப்பும், இரண்டரை கிராம் சமையற் சோடாவும் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த மரணம் அவர் பொறுப்பிலிருந்தவர்களிடையே நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கிற்று. மேலணியின் ஒரு சிறு வாயிலைப் பற்றிய அறிவு எத்தனை உயிர்களைக் காத்தது பாருங்கள்! இன்றும் நம் ஊர்களில் பேதியாகும் குழந்தைக்கு நீர் கொடுக்கலாகாது என்று கூறுவோர் உண்டு. அவ்வீட்டில் நம் கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தும் வாய் திறவாதிருப்பாராயின், அவர் பெற்ற மதிப்பெண்களால் அக்குழந்தைக்கு என்ன நன்மை?

மூன்றாம் சான்றே மிக முக்கியமானது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை மேலணியில் தோன்றுவன. இஃது ஏன்? முன்பு நினைவில் இருத்துமாறு கூறிய இயல்பே காரணம். ஓயாது பெருகும் உயிரணுக்களிடையே பிழை நேர வாய்ப்பு அதிகம். மேலும், வெளியிலிருந்து வரும் புகை, நஞ்சு, வெயில், கிருமி யாவும் முதலில் தாக்குவது மதிலையே. 1775ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் தோலில் கரிப்புகையால் புற்று உண்டாவதை எடுத்துக் காட்டினார். 1866ஆம் ஆண்டில் காஷ்மீரத்தில் பணிபுரிந்த மிஷன் மருத்துவர் எல்ம்ஸ்லி, குளிர் காய்வதற்காக உடைக்குள் வைத்துக்கொள்ளும் நெருப்புச் சட்டியாகிய காங்கிரியின் சூட்டால் வயிற்றுத் தோலிலும் தொடையிலும் புற்று வருவதை எழுதினார். 1915ஆம் ஆண்டில் யமகிவா, இச்சிகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் முயலின் காதில் நிலக்கரித் தாரை நெடுநாள் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர்.

நம் பக்கத்தில் காங்கிரி இல்லை. வெற்றிலைப் பெட்டி உண்டு. தெற்கே நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பெந்தால், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். வாய்ப்புற்றின் மிகுதி அப்போதே மருத்துவர்களின் கருத்தைக் கவர்ந்தது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுதல் புற்றுக்குக் காரணம் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985ஆம் ஆண்டில் உறுதி செய்தது. புகையிலை இன்றியும் பாக்கு ஒன்றே புற்றை உண்டாக்கவல்லது என்பதை அவ்வமைப்பே 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. பாக்கு நம் மங்கலச் சடங்குகளில் இடம்பெற்ற பொருள். அதனைக் குறை கூறுவது மனத்திற்கு உவப்பாக இராது. ஆயினும் தாம்பூலத் தட்டில் வைத்து மரியாதை செய்வது வேறு. கன்னத்தின் ஒரே இடத்தில் நாள் முழுவதும் அடக்கி வைத்துக்கொள்வது வேறு. முன்னதை யாரும் தடுக்கவில்லை. பின்னதையே தடுக்க வேண்டும். கடைதோறும் தோரணம்போல் தொங்கிய பாக்குப் பொட்டலங்களும் புகையிலைப் பொட்டலங்களும் பெரியோரின் வெற்றிலைப் பழக்கத்தை இளைஞரிடத்துக் கொண்டு சேர்த்தன என்பதை நாம் மறத்தலாகாது.

புகைப்போர் நிலையும் இத்தகையதே. மூச்சுக்குழாயின் குறுஇழைகள் புகையால் செயல் குன்றி அழிகின்றன. நாளடைவில் குறுஇழை மேலணி மறைந்து, தடித்த அடுக்கு மேலணி அவ்விடத்தைப் பிடிக்கிறது. தடிப்பு ஏறியது, துப்புரவு செய்வாரோ இல்லை. காலையில் புகைப்போர் நெடுநேரம் இருமுவது, இழைகள் செய்ய வேண்டிய வேலையை மார்பே செய்ய முயல்வதனாலாம். ஆறுதல் ஒன்று உண்டு. புகைத்தலை விட்டொழித்தால் குறுஇழைகள் மீண்டும் முளைத்துத் தம் பணியைத் தொடங்குகின்றன.

ஈண்டுத்தான் என் வாதத்தின் முடிச்சு உள்ளது. மேலணியில் தோன்றும் புற்று ஒரே நாளில் தோன்றுவதில்லை. கன்னத்தில் துடைத்தாலும் போகாத வெண்திட்டு, செந்திட்டு, ஆறாத புண், வாய் அகலத் திறவாமை என்று முன்னறிவிப்புச் செய்தே பெரும்பாலும் வருகிறது. அடித்தளச் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்குமுன் கண்டுகொண்டால் எளிதில் நீக்கிவிடலாம். கல்லீரலின் உள்ளே ஒளிந்திருக்கும் கட்டியை யார் காண்பார்? வாயின் மேலணியையோ ஒரு விளக்கும் கண்ணாடியும் இருந்தால் எவரும் காணலாம்.

இது வெறும் நம்பிக்கையன்று. 1996ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பெரியதோர் ஆராய்ச்சி நடைபெற்றது. மருத்துவரல்லாத பட்டதாரிகள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று, மூன்றாண்டுக்கு ஒரு முறை வாயைப் பார்த்து, ஐயத்திற்குரியவரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் 2000 முதல் 2003 வரை, முப்பது வயதுக்கும் ஐம்பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைக் கழுத்தைப் பரிசோதித்தனர். அவர்கள் கையாண்ட கருவி யாது? நூற்றுக்கு நான்கு பங்கு அசெட்டிக் அமிலம், அதாவது காடியை ஒத்த நீர். அதனைத் தடவினால் மாறுபட்ட மேலணி வெளுத்துக் காட்டும். தூண் மேலணியும் அடுக்கு மேலணியும் சந்திக்கும் எல்லையில்தான் இம்மாறுதல் பெரும்பாலும் தோன்றுவது. 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடைபெற்ற ஊர்களில் இந்நோய் நான்கில் ஒரு பங்கும், இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்தன. இப்புற்றுக்குக் காரணமான வைரசைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹௌசன் என்பாருக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அவ்வைரசுக்குத் தடுப்பூசியும் 2006 முதல் வழக்கத்தில் உள்ளது.

‘இவையெல்லாம் மருத்துவர் பாடு, கலைக் கல்லூரி மாணவர்க்கு இதில் என்ன வேலை?’ என்று சிலர் வினவலாம். திருவனந்தபுரத்தில் வீடுவீடாகச் சென்று வாய் பார்த்தவர் மருத்துவரல்லர் என்பதே இதற்கு விடை. நோயைத் தீர்ப்பது மருத்துவர் கடமை. நோயின் வருகையை உணர்ந்து தக்க காலத்தில் மருத்துவரிடம் செல்லச் செய்வது கற்றோர் அனைவர் கடமையுமாம். ‘பாமரரிடம் புற்று என்ற பெயரைச் சொன்னாலே அஞ்சுவர், அச்சத்தை வளர்ப்பது நன்றோ?’ என்று வேறு சிலர் கூறலாம். அறியாமையால் வரும் அச்சமே முடக்குவது. வெண்திட்டு வந்தோர் எல்லோருக்கும் புற்று வருவதில்லை என்பதையும், முன்னரே காட்டினால் குணமாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அச்சம் எச்சரிக்கையாக மாறும். ‘இத்தகைய நுண்பொருளைத் தமிழில் எங்ஙனம் விளக்குவது?’ என்பாரும் உளர். அன்னவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனை நினைப்பாராக. வேற்று நாட்டில் பிறந்த அவர், 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிறமொழியாளர்க்கு இயன்றது, தாய்ப்பாலோடு தமிழுண்ட நமக்கு இயலாதென்பது நாணத்தக்கது.

ஆகவே நம் கல்லூரியார் கருத்துக்கு மூன்று செயல்களை முன்வைக்கிறேன். முதலாவது, உயிர்நூல் பிரிவினர் ஆண்டுக்கு ஒரு நாள் நுண்ணோக்கிகளை மற்றைப் பிரிவு மாணவர்க்கும் திறந்துவைத்துத் தத்தம் கன்னத்து மேலணியைத் தாமே காணச் செய்க. மழுங்கிய குச்சியால் மெல்ல வழித்து, ஒரு துளிச் சாயம் இட்டால் போதும். அதனை ஒருமுறை கண்டவர் மறவார். இரண்டாவது, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பற்றியும், வாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் முறையைப் பற்றியும் தம் வீட்டாரிடமும் அயலாரிடமும் தமிழில் எடுத்துக் கூறுவதை ஒரு கடமையாகக் கொள்க. மூன்றாவது, விடுதியிலும் கல்லூரி வாயிற்புறத்திலும் புகையிலையும் பாக்குப் பொட்டலமும் நுழையாதவாறு மாணவர் தாமே காவல் பூணுக. மூன்றாவதற்குப் பெரும் பொருள் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு சொல். மருத்துவமனையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நீங்கள் வீற்றிருக்கும் இடங்களில், அறுவடை வயலிலும் நெசவுக்கூடத்திலும் பேருந்து நிலையத்திலும் உழைத்துக் கன்னத்தில் புகையிலை அடக்கி நிற்கும் எளிய மனிதரை நாள்தோறும் காண்கிறீர்கள். அவரை இகழாமல், ‘ஐயா, வாயை ஒருமுறை காட்டுங்கள்’ என்று அன்போடு கேட்கும் உரிமை உங்களுக்குண்டு. தோலையும் சளிப்படலத்தையும் பற்றி எத்தனை ஏடுகள் எழுதினாலும், அவ்வொரு வார்த்தையால் விளையும் நன்மை அவற்றால் விளையாது.

நகர மதில் ஒவ்வொரு நாளும் சிறிது இடிந்து, ஒவ்வொரு நாளும் சிறிது கட்டப்படுகிறது. கட்டும் வேலையை உடம்பு நம்மைக் கேளாமலே செய்துகொள்கிறது. வேண்டுமென்றே இடிக்காமலிருப்பதும், விரிசல் கண்டவுடன் தக்காரிடம் காட்டுவதும் மட்டுமே நம்மிடம் விடப்பட்டுள்ளன. தேர்வு முடிந்தபின் தட்டை, கனசதுரம், தூண் என்னும் பெயர்கள் மறந்துபோயினும் போகட்டும். இவ்விரு கடமைகளும் மறவாதிருப்பனவாக.